மஞ்சள்தொண்டைச் சின்னானுக்கு எந்தக் கணக்கு?

பேச்சு ஒரு கரட்டிலிருந்து தொடங்கியது. சேலத்திலிருந்து சேர்வராயன் மலையை நோக்கிப் போகும்போது சாலையின் இரு பக்கமும் கரடுகள் தலைகாட்டும். முள்ளும் பாறையுமாக, வெயிலில் வெந்து கிடக்கும் சிறு குன்றுகள். அவற்றில் ஒன்றில் கல்குவாரி வரப்போகிறது என்று ஊருக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். உத்தரவு எதுவும் இன்னும் வரவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்க்கப் போகும் எங்கள் சிறு கூட்டத்துக்குக் கவலை வந்துவிட்டது. அந்தக் கரட்டில் மஞ்சள்தொண்டைச் சின்னான் இருக்கிறது.

கூட்டத்தில் இளையவரான ஒருவர் கேட்டார்: "சார், கருத்துக் கேட்புக் கூட்டம் என்று வந்தால் அவர்கள் கோடிக்கணக்கில் வருமானம் காட்டுவார்கள். நாம் குருவி இருக்கிறது என்று மட்டும் சொன்னால் யார் கேட்பார்கள்? நீங்கள் பொருளாதாரம் நடத்தியவர்தானே, இந்தக் குருவிக்கு ஒரு மதிப்புப் போட்டுத் தர முடியாதா?"

முடியும். ஒன்றுக்கு ஐந்து வழிகள் இருக்கின்றன. ஐந்தும் ஐந்து விதமான விடை தரும் என்பதுதான் சிக்கல். தவறான வழியைப் பிடித்தால் அந்தக் கணக்கே குருவிக்கு எதிரான சாட்சியாகிவிடும். அதனால் எந்த வழி எதற்குப் பொருந்தும் என்பதை அவருக்குச் சொன்னதைவிடச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் பறவையைப் பற்றி. உருவத்தில் நம் வீட்டுத் தோட்டத்துக் கொண்டைக்குருவியின் பங்காளிதான், ஆனால் இதற்குக் கொண்டை கிடையாது. உடல் பாறையின் சாம்பல் நிறம். தலையும் தொண்டையும் மட்டும் மஞ்சளைக் கரைத்துப் பூசியதுபோல இருக்கும். காலை வெயில் படும் நேரத்தில் ஒரு பாறை இடுக்கின் புதரிலிருந்து அடுத்த புதருக்கு அது தாவும்போது அந்த மஞ்சள் ஒரு நொடி தெரியும், உடனே மறைந்துவிடும். அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் இரண்டாவது முறை பார்க்கலாம். தீபகற்ப இந்தியாவின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை. அதிலும் பாறைச் சரிவும் புதர்க்காடும் சேர்ந்த இடம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பறவை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழிவை நோக்கிச் செல்லும் வாய்ப்புள்ள இனமாக இடம்பெற்றிருக்கிறது. கல் உடைப்பதும் புதரை வெட்டுவதும் தீ வைப்பதும்தான் அதற்கு எமன். சேர்வராயன் மலையில் அதைப் பார்க்கும் இடங்களை நான் எழுதப்போவதில்லை. கேமராவோடு கூட்டம் போய் நிற்பதும் அதற்கு ஒரு தொந்தரவுதான்.

இன்னொன்றையும் தெளிவாக்கிவிட வேண்டும். ஓர் இனத்தின் மொத்த மதிப்பு என்ன என்று பொருளியல் கேட்பதில்லை, கேட்டால் விடையும் கிடைக்காது. இந்த முடிவை எடுத்தால் எவ்வளவு இழக்கிறோம், எடுக்காவிட்டால் எவ்வளவு இழக்கிறோம் என்ற வேறுபாட்டைத்தான் அளக்க முடியும். நம் கேள்வி ஒரு கரட்டைப் பற்றியது. அந்தக் கரடு போனால் பறவையின் நிலை எவ்வளவு மோசமாகும் என்ற அளவுக்குத்தான் கணக்கு.

பறவை செய்யும் வேலைக்குக் கூலி போடுவது முதல் வழி. இதில் உலகமே எடுத்துக்காட்டும் கணக்கு நம் நாட்டுப் பாறுக் கழுகுகளுடையது. மாட்டுக்கு வலிநிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து செத்த மாட்டின் உடலில் தங்கி, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. வெண்முதுகுப் பாறுகள் 1992க்கும் 2007க்கும் இடையில் 99.9 சதவீதம் குறைந்துபோயின. காரணம் 2004இல் உறுதியானது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தருவது தடை செய்யப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் பாறு பார்க்க வேண்டுமென்றால் மாயாறுப் பள்ளத்தாக்குப் பக்கம் போக வேண்டும்.

அவை போனதால் என்ன நஷ்டம்? ஈயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தேடியது. பாறுகளுக்கு ஏற்ற வாழிடமாக இருந்த மாவட்டங்களையும் அப்படி இல்லாத மாவட்டங்களையும் எடுத்துக்கொண்டு, பாறுகள் மறைவதற்கு முன்னும் பின்னும் மனித இறப்பு விகிதம் எப்படி மாறியது என்று ஒப்பிட்டார்கள். பாறு வாழ்ந்த மாவட்டங்களில் இறப்பு விகிதம், மற்ற மாவட்டங்களோடு ஒப்பிட்டால், முன்பு இருந்ததைவிட 4 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. அழுகும் சடலங்களும் பெருகிய நாய்களும் வெறிநோயும் கெட்டுப்போன தண்ணீரும் சேர்ந்து, 2000 முதல் 2005 வரை ஏறக்குறைய 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் மதிப்பீடு. அதைப் பணமாக்கினால் ஆண்டுக்கு 6,940 கோடி டாலர்.

இந்த எண்ணைப் படித்த அன்று நான் வேறு வேலை பார்க்கவில்லை. அருவருப்பான பறவை என்று நாம் முகம் சுளித்த ஒன்று எத்தனை குழந்தைகளை நாய்க்கடியிலிருந்து காத்துக்கொண்டிருந்தது! அதே சமயம், முறை என்ற வகையில் இதற்கு இரண்டு குறைகள் இருக்கின்றன. பறவை போன பிறகுதான் கணக்குக் கிடைத்தது. இருக்கும்போது யாரும் இந்த எண்ணைச் சொல்லியிருக்க முடியாது. அடுத்தது நமக்கு நேரடியாக உறைப்பது: பாறு செய்த வேலை வெளிப்படையானது, பெரியது. மஞ்சள்தொண்டைச் சின்னான் சிறு பழங்களைத் தின்று விதை பரப்புகிறது, பூச்சி பிடிக்கிறது. அதே கரட்டில் எண்ணிக்கையில் அதைவிட மிகுதியான மற்றச் சின்னான்களும் அந்த வேலையைச் செய்கின்றன. இது மறைந்தால் ஒரு மாவட்டத்தின் இறப்புக் கணக்கு மாறிவிடாது. வேலைக்குக் கூலி என்று போய் நின்றால் நம் பறவைக்கு மிகச் சொற்பமான தொகைதான் வரும். அரிதான பறவைகளுக்கு இந்த வழி பெரும்பாலும் இப்படித்தான் முடியும். அரிதாக இருப்பதாலேயே அவற்றின் வேலையின் அளவும் சிறுத்துவிடுகிறது.

ஏற்காட்டு நண்பர் ஒருவர், காபித் தோட்டக்காரர், இதற்கு ஒரு மாற்று சொன்னார். காபிப் பழத்தின் நுனியில் குண்டூசியால் குத்தியதுபோல ஒரு துளை இருக்கும். பழத்தைப் பிளந்தால் கொட்டைக்குள் கடுகைவிடச் சிறிய கறுப்பு வண்டு. அதுதான் காய்த்துளைப்பான். நம் நாட்டில் 1990இல் கூடலூர்ப் பகுதியில் முதலில் தென்பட்டது. கோஸ்டாரிகாவில் காபிச் செடிகளை வலைகட்டி மூடிப் பறவைகளை வரவிடாமல் செய்து பார்த்தார்கள். பறவைகள் வரும் செடிகளில் துளைப்பானின் தாக்குதல் ஏறக்குறையப் பாதிதான். 2013இல் வெளியான அந்த ஆய்வின்படி பறவைகளால் மிச்சமாவது ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 75 முதல் 310 டாலர் வரை. "இதையே நம் மலைக்கும் சொல்லலாமே" என்றார்.

சொல்லலாம், காபித் தோட்டத்தில் நிழல்மரங்களைக் காப்பதற்கு. சில்வர் ஓக் மட்டும் போதும் என்று மற்ற மரங்களை வெட்டுகிறவர்களிடம் காட்ட அது நல்ல ஆயுதம். ஆனால் மஞ்சள்தொண்டைச் சின்னான் காபி நிழலில் குடியிருக்கும் பறவை கிடையாது. அதன் பெயரில் இந்தப் பணத்தை வரவு வைப்பது பொய்க்கணக்கு. எதிர்த்தரப்பில் விவரம் தெரிந்த ஒருவர் இருந்தால் ஒரே கேள்வியில் நம் மனு முழுவதும் நம்பிக்கை இழந்துவிடும்.

இரண்டாவது வழியான பயணச் செலவு முறையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் கரட்டுக்கு அது உதவாது. ஓர் இடத்தைப் பார்க்க மக்கள் செலவிடும் பஸ் கட்டணம், பெட்ரோல், நேரம் இவற்றிலிருந்து அந்த இடத்தின் மதிப்பைக் கணிக்கலாம் என்று ஹரால்டு ஹோட்டலிங் 1947இல் அமெரிக்கத் தேசியப் பூங்கா அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதிலிருந்து வளர்ந்த முறை இது. ஏற்காட்டுக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருகிற குடும்பம் குளிருக்கும் ஏரிக்கும் வருகிறது. கரட்டில் இருக்கும் பறவைக்காக வருவோர் எங்களைப் போன்ற சிலர்தான், நாங்களும் டீக்கடைக்கு மேல் பெரிதாகச் செலவழிப்பதில்லை. மயிலுக்கோ புலிக்கோ சரணாலயம் இருக்கும் ஊரில் இந்த முறையைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது வழிதான் மிகவும் கவர்ச்சியானது, மிகவும் ஏமாற்றக்கூடியதும் அதுவே: மக்களிடம் நேரே கேட்பது. யாருக்கும் பயன்படாத, யாரும் போய்ப் பார்க்காத ஓர் உயிர் எங்கோ இருக்கிறது என்ற எண்ணமே மனிதர்களுக்கு ஒரு நிறைவைத் தருகிறது. அந்த நிறைவுக்கும் பொருளாதார மதிப்பு உண்டு என்பதை 1967இல் ஜான் குருட்டில்லா தெளிவாக வாதிட்டார். இருப்பு மதிப்பு என்று அதற்குப் பெயர். சந்தையில் இதற்குத் தடயமே இருக்காது. அதனால் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

நாங்கள் கேட்டுப் பார்த்தோம். ஆய்வு என்று சொல்லும் அளவுக்கு எதுவும் இல்லை, சில மாணவர்களோடு அடிவாரத்துக் கிராமங்களில் ஒரு வெள்ளோட்டம். "இந்தப் பறவையைக் காக்க ஆண்டுக்கு எவ்வளவு தருவீர்கள்?" என்பது கேள்வி. அடுத்த பக்கத்தில் "சேர்வராயன் மலையின் எல்லாப் பறவைகளையும் காக்க எவ்வளவு?" என்று இருந்தது. பெரும்பாலானோர் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே தொகையைச் சொன்னார்கள். திருவிழாவுக்கு நன்கொடை கேட்டு வருபவரிடம் கொடுக்கும் தொகைபோல ஒன்று. அவர்கள் பொய் சொல்லவில்லை. நல்ல காரியத்துக்கு நம்மால் ஆனது என்று மனம் ஒரு தொகையை எடுத்துவைக்கிறது, எத்தனை பறவை என்று அது கணக்குப் பார்ப்பதில்லை.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், கழிவெண்ணெய்க் குட்டைகளில் விழுந்து சாகும் வலசைப் பறவைகளைக் காக்க வலை போடுவதற்கு எவ்வளவு தருவீர்கள் என்று மூன்று குழுக்களிடம் கேட்டார்கள். 2,000 பறவைகள் பிழைக்கும் என்று கேட்டவர்கள் சராசரியாக 80 டாலர் சொன்னார்கள். 20,000 என்று கேட்டவர்கள் 78. 2 லட்சம் என்று கேட்டவர்கள் 88. நூறு மடங்கு பறவைக்கு எட்டு டாலர்தான் கூடுதல். 1989இல் அலாஸ்காக் கடலில் எண்ணெய்க் கப்பல் விபத்துக்குப் பிறகு இந்த முறை நீதிமன்றத்தில் நிற்குமா என்ற சண்டை பெரிதாகி, கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ என்ற இரு நோபல் அறிஞர்கள் தலைமையில் குழு அமைத்தார்கள். எவ்வளவு தருவீர்கள் என்று கேட்காதீர்கள், இவ்வளவு வரி கூடும், இதற்கு ஆதரவாக வாக்களிப்பீர்களா என்று ஆம், இல்லை என்ற விடைக்குக் கேளுங்கள், வீட்டுச் செலவையும் நினைவூட்டுங்கள் என்று 1993இல் அக்குழு சொன்னது. அப்படிச் செய்தால் விடைகளின் தரம் கூடும். ஆனால் பயிற்சி பெற்ற ஆட்களும் மாதக்கணக்கான நேரமும் வேண்டும். குறைந்த செலவில் அரைகுறையாகச் செய்த கணக்கெடுப்பைவிடச் செய்யாமலிருப்பது மேல்.

அந்த வெள்ளோட்டத்தில் ஆடு மேய்க்கும் ஓர் அம்மா கேட்டது இன்னும் எனக்குள் இருக்கிறது. "அதற்கு நான் ஏன் பணம் தர வேண்டும்? அது ஏற்கெனவே இங்கேதானே இருக்கிறது? எடுக்கப் போகிறவர்களல்லவா தர வேண்டும்?" ஒரே மூச்சில் அவர் பொருளியலின் பழைய தகராறு ஒன்றைச் சொல்லிவிட்டார். ஒன்றைக் காக்க எவ்வளவு தருவாய் என்பதும், அதை இழக்கச் சம்மதிக்க எவ்வளவு வாங்குவாய் என்பதும் வேறு வேறு கேள்விகள். முதல் கேள்வியில் கையில் காசில்லாதவரின் குரல் சிறுத்துவிடும். எந்தக் கேள்வியைக் கேட்பது என்பது கரடு யாருடையது என்பதைப் பொறுத்தது.

நான்காவது, அரசாங்கமே வைத்திருக்கும் விலைப்பட்டியல். வனநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றும்போது நிகர நிகழ்கால மதிப்பு என்று ஹெக்டேருக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2008 உத்தரவின்படி அது ஹெக்டேருக்கு 4.38 லட்சம் ரூபாயிலிருந்து 10.43 லட்சம் வரை இருந்தது. 2022இல் தொகைகளை உயர்த்தினார்கள். கையில் அச்சிட்ட பட்டியல் இருப்பதால் இதையே எடுத்துக்கொண்டு போகலாம் என்று தோன்றும். பட்டியலைச் சற்று உற்றுப் பாருங்கள். அடர்ந்த மழைக்காட்டுக்கு உச்ச விலை. முள்காட்டுக்கு, அதிலும் மரம் அடர்ந்து இல்லாத திறந்த முள்காட்டுக்கு, அடிமட்ட விலை. நம் பறவைக்கு வேண்டியதே மரம் நெருங்காத பாறைச் சரிவும் புதரும்தான். அதன் வீடு எவ்வளவு சரியாக இருக்கிறதோ அவ்வளவு மலிவு என்று ஆகிவிடுகிறது. மேலும் வனநிலம் என்று கருதப்படும் இடத்துக்கு மட்டும்தான் இந்தக் கட்டணம். புறம்போக்கில் நிற்கும் கரட்டுக்கு இந்தப் பட்டியல் வாய் திறக்காது. நம் தரப்பிலிருந்து இதை நாமே எடுத்துக் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

எஞ்சியது ஐந்தாவது வழி. நான் பரிந்துரைப்பது இதைத்தான். இதில் பறவைக்கு விலை போட வேண்டியதே இல்லை. கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும்: குவாரியால் வரும் நிகர நன்மை, அதாவது செலவும் இழப்பும் போக மிஞ்சுவது, எவ்வளவு, அதை விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு குடும்பமும் இந்தப் பறவையையும் கரட்டையும் ஆண்டுக்கு எத்தனை ரூபாய்க்கு மதித்தால் போதும்?

கணக்குக்காக, குவாரியின் நிகர நன்மை ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், 20 ஆண்டுகளில் கல் தீர்ந்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். இவை நான் இட்ட எண்கள், உண்மை எண்கள் வரும்போது மாற்றிக்கொள்ளலாம். பின்னால் வரும் பணத்துக்கு இன்றைய பணத்தைவிட மதிப்புக் குறைவு என்பதால், ஆண்டுக்கு 8 சதவீத வட்டியில் கழித்தால் அந்த இருபது ஆண்டு நன்மையின் இன்றைய மதிப்பு ஏறக்குறைய 29.5 கோடி. கரடு போனால் போனதுதான், இருபது ஆண்டுக்குப் பிறகு திரும்பி வராது. ஆகவே 29.5 கோடியை என்றென்றைக்குமான ஆண்டுத் தொகையாக மாற்ற வேண்டும்: அதன் 8 சதவீதம், ஆண்டுக்கு 2.36 கோடி. சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011இல் 34.8 லட்சம். குடும்பத்துக்கு நான்கு பேர் என்றால் 8.7 லட்சம் குடும்பங்கள். வகுத்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 27 ரூபாய்.

வட்டி விகிதத்தை 3 சதவீதமாக வைத்தால் இதுவே 15 ரூபாயாக இறங்கும். மாறாக, மாநகரத்தின் 8.3 லட்சம் பேரை மட்டும் கணக்கில் எடுத்தால் 8 சதவீதத்தில் 114 ரூபாயாக ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தை மறைக்கக் கூடாது. மூன்று எண்களையும் மேசையில் வைக்க வேண்டும். எது சரி என்று விவாதிக்கட்டும். விவாதம் அப்போது யார் யாருக்காகக் காக்கிறோம், எத்தனை தலைமுறைக்கு என்பதைப் பற்றியதாக மாறும், அதுதான் நியாயமான விவாதம்.

இதற்குள் இன்னொரு நேர்மையும் வேண்டும். கல் எல்லோருக்கும் வேண்டும். நம் வீடும் அதில்தான் நிற்கிறது, குவாரியில் கூலி வாங்குவோர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் அந்தக் கல் அந்தக் கரட்டிலிருந்துதான் வர வேண்டுமா? பறவை இல்லாத இன்னொரு கரட்டிலிருந்து எடுத்தால் லாரி வாடகை ஆண்டுக்கு, பேச்சுக்கு, 60 லட்சம் கூடும் என்றால், நாம் உண்மையில் விட்டுக்கொடுப்பது அந்த 60 லட்சம்தான், 3 கோடி அன்று. கூலியும் அங்கே கிடைக்கும். 27 ரூபாய் ஐந்தில் ஒன்றாகக் குறைந்து 5 ரூபாய் 40 காசு ஆகிறது. எனக்குத் தெரிந்தவரை பெரும்பாலான வாதங்கள் தோற்பது இந்த ஒரு வரியை எழுத மறந்ததால்தான். மாற்று இடத்தைத் தேடிக் காட்டும் வேலை குருவியின் மதிப்பைத் தேடுவதைவிட எளிது, பலனும் அதிகம்.

இந்த முறை பறவையின் மதிப்பு என்ன என்று சொல்வதில்லை என்று குறை சொல்வார்கள். உண்மைதான். முடிவெடுப்பவர் முன் ஓர் எளிய கேள்வியை வைக்கிறது, அவ்வளவுதான். சிரியசி வான்ட்ரப் என்ற பொருளியலாளர் 1950களில் தொடங்கிவைத்து, பின்வந்தவர்கள் வளர்த்த கருத்து ஒன்று உண்டு: திரும்பப் பெற முடியாத இழப்பு என்றால், தாங்க முடியாத செலவு ஆகாதவரை காப்பதையே இயல்பான முடிவாகக் கொள்ளுங்கள். செலவு தாங்க முடியாதது என்று நிரூபிக்கும் பொறுப்பு அழிக்க வருபவருடையது. 27 ரூபாய், 15 ரூபாய், 5 ரூபாய் 40 காசு என்ற எண்கள் அந்த இடத்தில்தான் பேசும்.

பாறுக்கு முதல் வழி, காபி நிழலுக்கு வலைக் கணக்கு, சரணாலயத்துக்குப் பயணச் செலவு, போதிய பணமும் நேரமும் இருந்தால் ஆம் இல்லை வாக்கெடுப்பு. நம் கரட்டுக்கு ஐந்தாவது. இளைஞருக்கு இப்படித்தான் சொன்னேன். அவர் உடனே தாளை எடுத்தார்.

நிகர நன்மை என்ற வரிக்குக் கீழே கழிக்க வேண்டியவற்றை எழுதத் தொடங்கியபோது, ஆடு மேய்க்கும் அந்த அம்மாவிடம் மறுபடியும் போனோம். இந்த முறை எவ்வளவு தருவீர்கள் என்று கேட்கவில்லை. கரடு இல்லாமல் போனால் ஆடுகளை என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். அவர் பாறையில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினார். கோடையில் மூன்று மாதத்துக்குத் தழை விலைக்கு வாங்க வேண்டும். மேலே இருக்கும் சுனையில் பங்குனி வரை தண்ணீர் நிற்கும், அது போனால் ஆடுகளை ஏரி வரை ஓட்ட வேண்டும், அதில் அரை நாள் போய்விடும். விறகு. சீமாறு கட்டும் புல். ஊரில் இப்படி எத்தனை வீடு என்று கேட்டதற்குப் பெயர் பெயராகச் சொன்னார். இளைஞர் அத்தனை வீடுகளையும் எழுதிக்கொண்டார். 3 கோடியிலிருந்து கழிக்க வேண்டிய முதல் வரி அது. குவாரிக்காரர்கள் கொடுக்கப்போகும் தாளில் அந்த வரிக்கு இடமே இருக்காது.